ஆஸ்பத்திரி டெஸ்ட் ரிசல்ட் உங்க ஃபேமிலி டாக்டருக்கு நேரா போகுமா? 'ஆபா' எப்படி வேலை செய்கிறது? முழு விளக்கம்

பெரிய ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் அட்மிட் ஆகி வீடு திரும்புபவர்கள் கையில் கட்டாயம் ஒரு பை இருக்கும். உள்ளே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன் ஃபிலிம், ஈ.சி.ஜி. தாள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கலந்து கிடக்கும். அடுத்த வாரம் தெருமுனை கிளினிக்கில் இருக்கும் ஃபேமிலி டாக்டரிடம் போகும்போது, "ரிப்போர்ட் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று அவர் கேட்பார். பாதி பேர் சொல்லும் பதில், "வீட்ல இருக்கு சார்."

ஆஸ்பத்திரியில் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் கம்ப்யூட்டர் வழியாகவே ஃபேமிலி டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? இந்தியாவில் அதற்கான ஏற்பாடு இப்போதே இருக்கிறது. 14 இலக்க 'ஆபா' எண் அதற்காகத்தான். ஆனால், ஆபா எண் இருந்தால் மட்டும் ரிசல்ட் தானாகப் போய்விடாது. ஏன்? அதைப் போக வைக்க நீங்கள் என்ன செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

ரிசல்ட் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம். காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று 'கல்ச்சர்' டெஸ்ட் எடுக்கிறார்கள். எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும் என்று இந்த டெஸ்ட் சொல்லும். ரிசல்ட் வர பொதுவாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் காய்ச்சல் குறைந்து, ஓர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து டிஸ்சார்ஜ் செய்துவிடுகிறார்கள். மறுநாள் லேப் ரிப்போர்ட் வருகிறது. அந்த மருந்து இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று அதில் இருக்கிறது. ஆனால் நோயாளி வீட்டில் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆன 2,644 நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டெஸ்ட் ரிசல்ட் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. அப்படித் தாமதமாக வந்த ரிசல்ட்களில் பத்தில் ஒன்று, சிகிச்சையை மாற்ற வேண்டிய அளவுக்கு முக்கியமாக இருக்கக்கூடியது. அவற்றில் பாதிக்கு மேல், சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்கே தெரியவில்லை.

கல்ச்சர் மட்டும் இல்லை. பயாப்ஸி ரிசல்ட்டுக்குச் சில நாட்கள் ஆகும். காசநோய்க்கான கல்ச்சருக்கு ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை யாரும் அட்மிட் ஆகி இருக்கப் போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. ஒருவருக்குப் போன வருடம் 0.8, ஆறு மாதம் முன்பு 1.0, இப்போது ஆஸ்பத்திரியில் 1.3 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்றே இருக்கலாம். ஆனால் மூன்றையும் வரிசையாகப் பார்க்கும் டாக்டருக்கு, அளவு ஏறிக்கொண்டே போவது புரியும். அதைப் பார்க்காத டாக்டர், மூட்டு வலிக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையைச் சாதாரணமாக எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. வருடக்கணக்கில் நம்மைத் தெரிந்த ஃபேமிலி டாக்டர் கையில் ரிசல்ட் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆபா என்றால் என்ன?

2020 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார். முதலில் புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 2021 செப்டம்பர் 27 அன்று 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் நாடு முழுக்க விரிவானது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் 14 இலக்க எண்தான் ஆபா எண். ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் வைத்து இலவசமாக எடுக்கலாம். கூடவே, மின்னஞ்சல் முகவரி மாதிரி ஓர் 'ஆபா முகவரி'யும் கிடைக்கும். இதுவரை 70 கோடிக்கும் மேற்பட்ட ஆபா எண்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம். ஆபா எண் வேறு, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை வேறு. ஆபா காட்டினால் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. இது உங்கள் மருத்துவப் பதிவுகளை ஒன்றாகக் கோர்க்கும் நூல் மட்டும்தான். எடுப்பதும் கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் பிறகு நீக்கிவிடவும் வசதி உண்டு.

ரிசல்ட் எப்படிப் போகிறது?

"என் ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில ஒரு சர்வர்ல இருக்குமா?" என்று கேட்பவர்கள் அதிகம். இல்லை. ரிப்போர்ட் எங்கே உருவானதோ, அந்த ஆஸ்பத்திரியின் அல்லது லேபின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நடுவில் இருக்கும் அமைப்பு ஒரு தபால்காரர் மாதிரி. கடிதத்தைச் சேர்ப்பாரே தவிர, வைத்துக்கொள்ள மாட்டார்.

படிப்படியாகப் பார்த்தால்:

1. ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது உங்கள் ஆபா எண்ணைக் கொடுக்கிறீர்கள். பல இடங்களில் ஓ.பி. கவுன்ட்டரில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே போதும்.

2. ரிசல்ட் வந்ததும் ஆஸ்பத்திரி அதை உங்கள் ஆபாவோடு இணைக்கிறது. இப்போது உங்கள் போனில் உள்ள ஆபா செயலியில் அதைப் பார்க்கலாம்.

3. உங்கள் ஃபேமிலி டாக்டர், தன் கிளினிக் சாஃப்ட்வேரில் இருந்து உங்கள் ஆபா முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறார்.

4. உங்கள் போனுக்கு அறிவிப்பு வரும். யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

5. நீங்கள் சம்மதம் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் இருந்து ரிப்போர்ட் பூட்டிய உறை மாதிரி குறியாக்கம் செய்யப்பட்டு டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போகும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு ரத்து செய்யவும் முடியும்.

அதாவது, ஆஸ்பத்திரிக்கும் ஃபேமிலி டாக்டருக்கும் நடுவில் உள்ள கதவின் சாவி உங்கள் கையில். நீங்கள் திறக்காமல் எதுவும் போகாது. இதுதான் இந்தத் திட்டத்தின் பலம். பலவீனமும் இதுவேதான். ஏனென்றால் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் ஒன்றும் நடக்காது.

அப்போ ஏன் இன்னும் பையைத் தூக்கிட்டு அலையுறோம்?

நாலு காரணங்கள்.

முதலாவது, கிளினிக். ஆஸ்பத்திரி தயாராக இருந்தாலும், டாக்டர் பக்கமும் தயாராக இருக்க வேண்டும். அவர் மருத்துவர்களுக்கான பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும், கிளினிக்கும் பதிவாகியிருக்க வேண்டும், திட்டத்தோடு பேசக்கூடிய சாஃப்ட்வேர் வேண்டும். நம்ம ஊரில் பல கிளினிக்குகளில் டாக்டர், ஒரு உதவியாளர், ஒரு நோட்டு, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது, கம்ப்யூட்டரைத் திறந்து கோரிக்கை அனுப்பி, நோயாளி போனை எடுத்து ஓடிபி பார்க்கும் வரை காத்திருக்க அவருக்கு நேரம் இருக்காது. டிஜிட்டல் முறைக்கு மாறும் மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் 2023 ஜனவரியில் மத்திய அரசு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் நேரத்துக்கு யாரும் ஊக்கத்தொகை தர முடியாது.

இரண்டாவது, பெயர். பழைய பதிவுகளைத் தேடும்போது மொபைல் எண், பெயர், பாலினம், பிறந்த வருடம் ஆகியவற்றை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் 'முருகன் சுப்பிரமணி', ஆஸ்பத்திரியில் 'எஸ். முருகன்', லேபில் 'முருகன் எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேராகத் தெரியலாம். டென்மார்க்கில் 1968 முதலே எல்லோருக்கும் ஒரே 10 இலக்கக் குடிமக்கள் எண் இருப்பதால் இந்தப் பிரச்சினை பெரிய அளவில் வரவில்லை. அங்கே 1994-ல் 'மெட்காம்' என்ற அமைப்பைத் தொடங்கி, லேப் ரிசல்ட்டும் டிஸ்சார்ஜ் கடிதமும் ஒரே வடிவத்தில் குடும்ப மருத்துவருக்கு மின்னணு முறையில் போக வழி செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, போன். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேருக்கும் ஒரே எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும். அதுவும் சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகனின் எண்ணாக இருக்கும். கிளினிக்கில் அப்பா உட்கார்ந்திருப்பார், ஓடிபி மகனுக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருந்தால் கதை முடிந்தது.

நாலாவது, ரிப்போர்ட்டின் வடிவம். பெரும்பாலும் நமக்கு வருவது பிடிஎஃப். மனிதர் படிக்க அது போதும். ஆனால் பழைய ரிசல்ட்டோடு புதியதை வரிசைப்படுத்தி, "ஏறுது பாருங்க" என்று கம்ப்யூட்டர் காட்ட வேண்டும் என்றால், அந்த எண் தனித் தகவலாக, அலகோடு வர வேண்டும். கிரியாட்டினினை நம் லேப்கள் மில்லிகிராம் கணக்கில் தருகின்றன. பிரிட்டனில் மைக்ரோமோல் கணக்கு. இங்கே 1 என்பது அங்கே சுமார் 88. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவரின் பழைய ரிப்போர்ட்டையும் இங்கே எடுத்ததையும் அலகு பார்க்காமல் ஒப்பிட்டால் தலை சுற்றும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

உண்மையைச் சொன்னால், இன்று தமிழ்நாட்டில் அதிகம் நடப்பது இதுதான். லேபில் இருந்து பிடிஎஃப் வருகிறது, அதை டாக்டருக்கு ஃபார்வர்டு செய்கிறோம். அவசரத்துக்கு இது உதவும். மறுப்பதற்கு இல்லை.

ஆனால் டாக்டரின் போனில் நூறு மெசேஜுக்கு நடுவில் உங்கள் ரிப்போர்ட் காணாமல் போகலாம். ஒரு எண் தவறினால் யாரோ ஒருவருக்குப் போகும். குடும்ப குரூப்பில் போட்டுவிட்டால், யார் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் கையில் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தேடினால், 'ஃபைல் இல்லை' என்று வரலாம். எனவே அனுப்பினாலும், பிடிஎஃபைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

என் தகவல் பாதுகாப்பா இருக்குமா?

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் மீது சைபர் தாக்குதல் நடந்தது. இரண்டு வாரம் வரை பல வேலைகள் கையால் எழுதித்தான் நடந்தன. ஆபா திட்டத்தில் ரிப்போர்ட்கள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருப்பதால், ஒரே இடத்தைத் தாக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. அதே நேரம், உங்கள் ஆஸ்பத்திரி தன் கம்ப்யூட்டரை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறதோ, அவ்வளவுதான் உங்கள் பாதுகாப்பு.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் பலவும் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரையும் அதற்குப் பிறகும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: சம்மதம் கேட்டு வரும் அறிவிப்பைப் படிக்காமல் 'ஓகே' தட்டாதீர்கள். ஓடிபியை கவுன்ட்டரில் இருப்பவருக்குச் சொல்லும் முன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரிசல்ட் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்ததா?

இல்லை. இங்கேதான் பல நாடுகள் பாடம் கற்றன. ரிசல்ட் போய்ச் சேருவது வேறு, அதை ஒருவர் பார்த்து நடவடிக்கை எடுப்பது வேறு.

பிரிட்டனில் டிஸ்சார்ஜ் ஆன 24 மணி நேரத்துக்குள் சம்மரி குடும்ப மருத்துவருக்கு மின்னணு முறையில் போக வேண்டும். அப்படியும் ஒரு குழப்பம் நீடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர், "ரிசல்ட் குடும்ப மருத்துவருக்குப் போயிருக்கும், அவர் பார்த்துக்குவார்" என்று நினைப்பார். குடும்ப மருத்துவர், "டெஸ்ட் எழுதினது அவங்க, அவங்களே பார்ப்பாங்க" என்று நினைப்பார். நடுவில் நோயாளி. 2016-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை இதற்கு ஒரு கோடு போட்டது: டெஸ்ட் எழுதியவரே ரிசல்ட்டைப் பார்க்கவும், நடவடிக்கை எடுக்கவும் பொறுப்பு. குடும்ப மருத்துவருக்கு நகல் போனது என்பதால் அந்தப் பொறுப்பு தானாகக் கைமாறிவிடாது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ரிசல்ட் தயாரானதும் நோயாளி பார்ப்பதைத் தேவையில்லாமல் தடுக்கக் கூடாது. இதனால் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, ராத்திரி பத்து மணிக்கு, தன் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்கும் நிலையும் வருகிறது. சீக்கிரம் தெரிவது நல்லதுதான். ஆனால் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்தியாவில் சம்மதம் உங்கள் கையில் இருப்பதால், இந்த இடைவெளியை அடைக்கும் ஆளும் இப்போதைக்கு நீங்களும் உங்கள் குடும்பமும்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்கணும்?

செலவே இல்லாத, ஐந்து நிமிட வேலை இது.

* "இன்னும் ரிசல்ட் வராத டெஸ்ட் ஏதாவது இருக்கா?" இதுதான் முதல் கேள்வி. இருந்தால் அதன் பெயரையும், எப்போது வரும் என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

* "அது வந்ததும் யார் பார்ப்பாங்க? நான் யாருக்குப் போன் பண்ணணும்?" ஒரு பெயர், ஒரு எண் வாங்குங்கள். அந்தத் தேதியை உங்கள் போனில் அலாரமாக வையுங்கள். போன் வரவில்லை என்றால் எல்லாம் நார்மல் என்று அர்த்தம் இல்லை.

* "என் ஆபாவில் இணைச்சிட்டீங்களா?" பதிவின்போது கொடுக்கவில்லை என்றாலும், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தால் செயலியில் அதன் பெயரைத் தேடிப் பிறகு இணைக்க முயலலாம். அதற்கு, ஆஸ்பத்திரியில் கொடுத்த மொபைல் எண்ணும் ஆபாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பது நல்லது.

* ஆதாரில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாற்றிச் சொல்ல வேண்டாம்.

* அப்பா அம்மாவின் ஆபா, அவர்களோடு கிளினிக்குக்குப் போகும் ஆளின் போனில் இருக்கட்டும்.

* காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமான ரிப்போர்ட்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் வையுங்கள். சாஃப்ட்வேர் இல்லாத கிளினிக் என்றாலும், போனில் ஆபா செயலியைத் திறந்து டாக்டரிடம் காட்டலாம்.

ரிப்போர்ட் தர மறுத்தால்?

"அதெல்லாம் கொடுக்க முடியாது, ஆஸ்பத்திரி ரெக்கார்டு" என்று யாராவது சொன்னால் திரும்பி வர வேண்டாம். 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிமுறைகள்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதில் இருந்து மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல், ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பதிவு அங்கே இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் பழைய சிகிச்சை ரிப்போர்ட் ஏதாவது வாங்காமல் விட்டிருந்தால், தேதியைப் பார்த்து இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.